தாதாக்கள் போதும், அப்பத்தாக்கள் வரட்டும்

மும்பைத் தமிழருக்குத் தமிழ் சினிமா ஒதுக்கி வைத்திருக்கும் உத்தியோகம் ஒன்றுதான்: தாதா. 1987 தீபாவளிக்கு ‘நாயகன்’ வேலு நாயக்கர் வந்தார். 1995 பொங்கலுக்கு ‘பாட்ஷா’ வந்தார். 2018 ஜூனில் கறுப்பு வேட்டியோடு ‘காலா’ கரிகாலன் வந்தார். மூன்று பேருமே கெத்துதான், சந்தேகமில்லை. தாராவியிலோ செம்பூரிலோ இந்தப் பெயர்களை எடுத்தாலே பேச்சு களைகட்டிவிடும். ரசிப்பதில் தப்பும் இல்லை. ஆனால் அந்தப் படங்களை இன்று மறுபடி போட்டுப் பாருங்கள். திரையில் உண்மையிலேயே மிரட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குக் கட்அவுட் வைக்கவில்லை, பாலாபிஷேகமும் நடக்கவில்லை.

வேலு நாயக்கரின் நிழலில் நிஜ மனிதர் ஒருவர் இருந்தார் என்பது ஊரறிந்த கதை. தூத்துக்குடியிலிருந்து வந்து, விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கி, பிறகு ‘வர்தா பாய்’ என்று நகரமே பயப்படும் அளவுக்கு வளர்ந்த வரதராஜ முதலியார். மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே அவர் போட்ட பிள்ளையார் பந்தலைப் பற்றி அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் பேசுகிறார்கள். படம் வந்த சில மாதங்களுக்குள், 1988-இல், சென்னையில் அவர் இறந்தார். அவர் ஆண்ட தாராவியைப் படத்துக்காகத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் எழுப்பினார். அதற்குத் தேசிய விருதும் வாங்கினார். ‘காலா’வின் தாராவியும் பெரும்பாலும் சென்னையில் போட்ட செட்தான். ஆக, தமிழ்நாடு பார்த்து மிரண்ட தாராவியில் பாதிக்கு மேல் சென்னைப் பக்கத்து மண்.

‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கரை எதிர்த்து நிற்கத் துணிந்தவர்கள் எத்தனை பேர்? போலீஸ் அடித்துப் பார்த்தது, முடியவில்லை. போட்டிக் கும்பல்கள் முட்டிப் பார்த்து ஒதுங்கின. கடைசியில் நின்றது ஒருத்திதான்: அவருடைய மகள் சாருமதி. மகன் சூர்யாவைப் பறிகொடுத்த வீட்டில் நின்றுகொண்டு, போதும், இதையெல்லாம் நிறுத்துங்கள் என்று அப்பாவிடம் கேட்கிறாள். அவர் தனக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொல்லி, முதலில் அவர்களை நிறுத்தச் சொல் என்கிறார். அரங்கமே கை தட்டிய இடம் அது. மிமிக்ரிக் கலைஞர்கள் இன்றுவரை பேசிக் காட்டுவதும் அப்பாவின் பதிலைத்தான். மகளின் கேள்வியை யாரும் பேசிக் காட்டுவதில்லை. பதிலைக் கேட்ட பிறகும் மகள் மனம் மாறவில்லை என்பதைக் கவனித்தவர்களும் குறைவு. அவள் வீட்டை விட்டே போய்விடுகிறாள். பிற்பாடு அப்பா அவளைக் கண்டுபிடிக்கும்போது, அவரைப் பிடிக்க அலையும் போலீஸ் அதிகாரியின் மனைவியாக இருக்கிறாள். கார்த்திகா என்ற நடிகை அதிகம் சத்தம் போடாமல் செய்த வேடம். ஒற்றைச் சிலம்போடு அரசவையில் போய் நின்ற கண்ணகியிடம் தொடங்கும் வரிசையில் இவளுக்கும் இடம் உண்டு. கண்ணகி கேட்டது ஊரை ஆண்ட மன்னனை. இவள் கேட்டது பெற்ற அப்பனை. இரண்டாவதுதான் கஷ்டம்.

‘பாட்ஷா’வில் பெண்களுக்குப் பெரிய வேலை இல்லை, விட்டுவிடலாம். ரகுவரனின் மார்க் ஆண்டனியை மட்டும் விட முடியாது. எதிரில் அப்படி ஒருவர் இருந்ததால்தான் பாட்ஷா அவ்வளவு உயரம் தெரிந்தார்.

முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து இன்னொரு சாருமதி வந்தாள். பா. இரஞ்சித்தின் ‘காலா’வில் அஞ்சலி பாட்டீல் நடித்த ‘புயல்’ பாத்திரத்தின் முழுப் பெயர் சாருமதி கெய்க்வாட். நாசிக்கில் பிறந்த மராத்தி நடிகை, தாராவித் தமிழர்களோடு தோளோடு தோள் நிற்கும் மராத்திப் பெண்ணாக வருகிறார். மராத்தியா தமிழா என்று அடித்துக்கொண்ட வரலாறு உள்ள நகரத்தில் இது சின்ன விஷயமல்ல. கலவரக் காட்சியில் போலீஸ்காரர்கள் அவளைப் பிடித்துத் தள்ளி, கால்சட்டையை உருவி எறிகிறார்கள். அவமானத்தில் சுருண்டுவிடுவாள் என்பது அவர்கள் கணக்கு. தமிழ் சினிமாவின் கணக்கும் வெகுகாலம் அதுவாகத்தான் இருந்தது. யாராவது ஓடிவந்து சட்டையைக் கழற்றிப் போர்த்த வேண்டும், அவர் மார்பில் இவள் முகம் புதைக்க வேண்டும். புயல் தரையில் தவழ்ந்து போகிறாள். ஒரு பக்கம் துணி கிடக்கிறது, பக்கத்தில் ஒரு தடி கிடக்கிறது. அவள் கை தடிக்குத்தான் போகிறது. எழுந்து நின்று அடிக்கிறாள். ரஜினி அந்தக் காட்சியிலேயே இல்லை. ஒரு ரஜினி படத்தின் ஆகப் பெரிய மாஸ் காட்சி ரஜினி இல்லாமல் நடந்தது என்று சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

அதே படத்தின் செல்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈஸ்வரி ராவ் நடித்த காலாவின் மனைவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தலைமுறைகள் ஆன குடும்பங்களில் இப்படி ஒரு செல்வி இல்லாத வீடு அபூர்வம். ஊரே நடுங்கும் மனிதரை ஒரே வாக்கியத்தில் உட்கார வைப்பாள். கணவர் பழைய காதலி சரீனாவைச் சந்தித்துவிட்டு வீடு திரும்பும் இரவில், அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. ஊரில் தன் பின்னால் சுற்றிய ஒருவனைப் பற்றிச் சொல்லி, எனக்கும் டிக்கெட் எடுத்துக் கொடும், நானும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிற தோரணையில் பேசுகிறாள். அடுத்த நொடி காலாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஹரிதாதாவாக வரும் நானா படேகரால்கூட அந்த முகத்தை வரவழைக்க முடியவில்லை.

தமிழில் மிரட்டும் பெண் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது நீலாம்பரிதான். நியாயம்தான். 1999 ஏப்ரலில் வந்த ‘படையப்பா’வில் ரம்யா கிருஷ்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், படையப்பாவுக்கு உட்கார இடமே இருக்காது, அவர் துண்டை வீசி ஊஞ்சலை இறக்கி உட்கார்ந்துகொள்வார். ஊஞ்சலை இறக்கியவருக்கு விசில் கிடைத்தது. ஆனால் அந்தக் காட்சியைத் தாங்கி நிற்பது நாற்காலியில் இருந்தவரின் பார்வை. காதல் தோற்ற ஆத்திரத்தில் 18 ஆண்டுகள் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தவள் அவள். அந்த 18 ஆண்டு வெறிக்கு முன்னால் படையப்பாவின் நல்லகுணம் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது.

நீலாம்பரிக்கு மூலம் கல்கியின் நந்தினி என்று ரஜினியே 2022-இல் ‘பொன்னியின் செல்வன்’ பட விழாவில் சொன்னார். 1950 முதல் நான்கு ஆண்டுகள் ‘கல்கி’ இதழில் வாரா வாரம் வந்த கதையில், வீட்டுப் பெண்கள் திட்டிக்கொண்டே காத்திருந்தது நந்தினிக்காக. கதையில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை வரலாற்றில் நடந்தது. உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கொலையாளிகளின் பெயர்கள் இருக்கின்றன. நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை, அவள் முழுக்கக் கல்கியின் கற்பனை. அப்படியும் எழுபது ஆண்டுகள் கழித்து ஐஸ்வர்யா ராய் அந்த வேடத்தில் வந்தபோது, சோழ வரலாறு தெரியாத பிள்ளைகள்கூட அருள்மொழிவர்மனை விட்டுவிட்டு நந்தினியைப் பற்றித்தான் கேட்டார்கள். வந்தியத்தேவனையும் குந்தவையையும் பிடிக்கும். நந்தினியை மறக்க முடியாது.

ஒரு குறை உண்டு. தமிழ் சினிமா இப்படிப்பட்ட பெண்ணை உருவாக்கும், ரசிக்க வைக்கும், பிறகு கணக்குத் தீர்த்துவிடும். நீலாம்பரி தன்னையே சுட்டுக்கொள்ள வேண்டும். மணிரத்னம் படத்தின் நந்தினி தண்ணீருக்குள் இறங்க வேண்டும். தாதாவுக்கு ஊர்வலமாய் ஒரு சாவு. எதிர்த்து நின்றவளுக்குத் தற்கொலை. எழுதுகிறவர்களின் பயம்தான் இதில் தெரிகிறது.

ஆங்கிலத்தில் இந்தப் பயம் இல்லாமல் எழுதப்பட்ட ஒருத்தி உண்டு. ஹாரி பாட்டர் கதைகளில் எல்லாரும் வோல்டமோர்ட்டைச் சொல்வார்கள். 2003-இல் வந்த ஐந்தாம் புத்தகத்தின் டோலரஸ் அம்ப்ரிட்ஜை நேசித்து வெறுத்தவர்கள்தான் அதிகம். இளஞ்சிவப்புக் கம்பளிச் சட்டை, சுவர் நிறையப் பூனைக்குட்டித் தட்டுகள், பேசுவதற்கு முன் ஒரு சின்னச் செருமல். தண்டனை எழுதச் சொன்னால் பேனாவில் மை இருக்காது. எழுதுகிற பிள்ளையின் ரத்தமே மையாகி, எழுத்து அவன் கையில் கீறலாக விழும். இருட்டு அரக்கனை யாரும் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அம்ப்ரிட்ஜைப் பார்க்காதவர் இல்லை. நவி மும்பை ஐரோலியில் மைண்ட்ஸ்பேஸ் ஐடி வளாகத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் கேட்டால் எந்த மாடியில் எந்த இருக்கை என்பதுவரை சொல்வார்கள்.

தமிழ்த் தொலைக்காட்சியில் அந்த இடத்தைப் பிடித்தவர் ஆதி குணசேகரன். 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஜி. மாரிமுத்து செய்த வேடம். கையில் துப்பாக்கி கிடையாது, ஆட்கூட்டம் கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று “இந்தாம்மா ஏய்” என்றால் வீட்டு மருமகள்கள் நான்கு பேரும் உறைந்து போவார்கள். கடல் தாண்டிய ஊர்களிலும் தமிழ் வீடுகளில் அந்தக் குரலைப் பேசிக் காட்டினார்கள். தங்கள் பெரியப்பாவை, மாமனாரை அதில் அடையாளம் கண்டார்கள். 2023 செப்டம்பர் 8 அன்று அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து மாரிமுத்து காலமானார். அதற்குப் பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவர் எழுத்தாளர், கம்பீரமான மனிதர். ஆனாலும் முதல் குணசேகரனின் நக்கல் திரும்பவில்லை.

அந்த வீட்டில் குணசேகரனே பம்ம வேண்டியிருந்த ஆள் ஒருவர் உண்டு: அப்பத்தா பட்டம்மாள். சொத்தில் 40 சதவீதம் அவர் பேரில். அந்த 40 சதவீதத்தை வைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், மருமகள்களுக்குத் துணிச்சலை ஊட்டிவிட்டவர் அவர். நடித்தவர் பம்பாய் ஞானம். பெயரிலேயே ஊர் இருக்கிறது. மும்பையில் ‘மகாலக்ஷ்மி பெண்கள் நாடகக் குழு’ என்று பெண்களை மட்டுமே வைத்து ஒரு நாடகக் குழுவைத் தொடங்கி நடத்தியவர். ஆண் வேடங்களையும் பெண்களே போட்டார்கள். வீட்டுவேலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒத்திகைக்கு வந்த குடும்பத் தலைவிகள் மீசை ஒட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். பிறகு அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்து அங்கும் குழுவைத் தொடர்ந்தார், சின்னத்திரைக்கும் வந்தார். மும்பைத் தமிழ்ப் பெண்ணின் மிடுக்கு என்றால் என்ன என்று கேட்பவருக்குக் காட்ட வேண்டிய ஆள் இவர்தான். அவர் நடித்த பாத்திரமோ மதுரைப் பக்கத்து அப்பத்தா. மும்பை மேடையில் பழகிய அந்த உடல்மொழியை மும்பைக் கதை ஒன்றுக்குக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இத்தனை ஆண்டுகளில் மும்பைத் தமிழர்களின் வாழ்க்கை எவ்வளவோ மாறிவிட்டது. தாராவியின் ஒற்றை அறைக் கோலியிலும் செம்பூரின் ‘சால்’ வரிசை வீடுகளிலும் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் கடன் வாங்கி நவி மும்பைக்கு வந்துவிட்டார்கள். தானே ஓடையைத் தாண்டி, முலுண்ட் பாலம் முடிகிற இடத்தில் இருக்கும் ஐரோலிக்கு 2004-இல் பயணிகள் ரயில் வந்தது. பின்னாலேயே ஐடி வளாகங்கள் வந்தன. ஓடைப் பக்கம் குளிர்காலத்தில் பூநாரைகள்கூட வருகின்றன. தமிழ் சினிமா மட்டும் இன்னும் வரவில்லை.

வந்தால் பார்க்க ஆள் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டிக் கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்தால் போதும். தண்ணீர் லாரிக் கணக்கில் உதைக்கிறது என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்திருப்பார். மராத்தியில் ஆரம்பித்து, செயலாளர் மழுப்பினால் இந்திக்கு மாறி, பக்கத்தில் இருக்கும் வீட்டுக்காரர் “விடேன்” என்று முழங்கையால் இடித்தால் அவருக்கு மட்டும் தமிழில் ஒன்று கொடுத்துவிட்டு, மறுபடி மராத்திக்குத் திரும்புவார். கையில் போன வருஷத்து ரசீதுகள் தேதி வாரியாக இருக்கும். வேலு நாயக்கரே செயலாளர் நாற்காலியில் இருந்தாலும் கணக்கைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்து மும்பைக் கதை எழுத உட்காரும் இயக்குநர்களுக்கும் தொடர் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாராவி செட்டுக்கான செலவை மிச்சம் பிடித்துக்கொண்டு, தானேயில் வண்டி மாறி ஐரோலியில் இறங்குங்கள். கதாநாயகிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கட்டும். அவருக்கு ஒரு தாதா புருஷன் வேண்டாம். முக்கியமாக, கிளைமாக்ஸில் அவரைக் கொன்றுவிடாதீர்கள்.