95 சதவீதம் யாருக்கான கணக்கு?

சிகரெட்டைவிட இ-சிகரெட் ஏறத்தாழ 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்று 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு அறிவித்தது. பத்தாண்டு கடந்தும், இ-சிகரெட் இழுக்கும் ‘வேப்பிங்’ பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் இந்த எண்தான் முதலில் வந்து நிற்கிறது. ஆனால், இது ஆய்வகத்தில் அளந்து கண்ட எண் அல்ல. 12 வல்லுநர்கள் கூடி, நிக்கோட்டின் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் தீங்கு மதிப்பெண் போட்டு, 2014இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது. இவ்வளவு பலவீனமான அடித்தளத்தின் மீது ஓர் அரசு அமைப்பு முடிவு எடுக்கலாமா என்று ‘லான்செட்’ மருத்துவ இதழ் தலையங்கத்திலேயே கண்டித்தது.

எண் ஆட்டம் காண்பதால் அது சொல்லும் திசையும் தவறு என்று ஆகிவிடாது. சிகரெட்டின் கேடு பெரும்பாலும் எரிவதில் இருக்கிறது. இழுக்கும்போது அதன் நுனி 900 டிகிரி செல்சியஸ் வரை கனல்கிறது. அந்த வெப்பத்தில் புகையிலை சிதைந்து 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் புகையில் கலக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோய் உண்டாக்குபவை. தாரும் கார்பன் மோனாக்சைடும் எரிவதால் வருபவை. இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. ப்ரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள்கள் கலந்த திரவத்தை ஒரு கம்பிச்சுருள் சூடாக்க, நுண்துளிகளாக அது நுரையீரலுக்குள் போகிறது.

இந்த வேறுபாடு உடலிலும் தெரிகிறது. 2017இல் பிரிட்டனில் 181 பேரின் சிறுநீரையும் உமிழ்நீரையும் சோதித்தார்கள். புகைப்பதை அடியோடு நிறுத்திவிட்டு நெடுநாளாக இ-சிகரெட் மட்டும் பயன்படுத்தியவர்களிடம், புகையிலைக்கே உரிய நைட்ரோசமின் என்ற புற்றுநோய்ப் பொருளின் தடயம் சிகரெட் பிடிப்பவர்களைவிட 97 சதவீதம் குறைவாக இருந்தது. சிகரெட்டை விடாமல் இ-சிகரெட்டையும் சேர்த்துக்கொண்டவர்களிடமோ குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், இரண்டையும் பயன்படுத்தியவர்களிடம் நச்சுகளின் தடயங்கள் சிகரெட் மட்டும் பிடித்தவர்களைவிடக்கூடக் கூடுதலாகக் காணப்பட்டன. “பாதியாகக் குறைத்துவிட்டேன், மீதிக்கு வேப்” என்று ஆறுதல் கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதயத்தின் கணக்கு இன்னும் கறாரானது. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு, 20 பிடிப்பவருக்குக் கூடுதலாக வரும் மாரடைப்பு ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும் என்று நினைப்போம். 2018இல் ‘பிஎம்ஜே’ இதழில் வந்த தொகுப்பாய்வு அதைக் கிட்டத்தட்டப் பாதி என்று கண்டது. நச்சு 95 சதவீதம் குறைந்தால் நோயும் 95 சதவீதம் குறையும் என்ற எளிய வகுத்தல், புற்றுநோய்க்கு ஓரளவு பொருந்தலாம், இதயத்துக்குப் பொருந்தாது. 95 சதவீதத்தைப் பிரசாரம் செய்கிறவர்கள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எதிர்த்தரப்பும் நேர்மையாக இல்லை. 2019இல் அமெரிக்காவில் வேப்பிங் செய்தவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். அதற்கு முதன்மைக் காரணம், கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். அதை எல்லா இ-சிகரெட்டின் தலையிலும் கட்டுவது பிழை. இ-சிகரெட்டின் மீது வைக்கவேண்டிய சரியான குற்றச்சாட்டுகள் வேறு: கம்பிச்சுருளிலிருந்து கசியும் நிக்கல், குரோமியம், ஈயம், திரவம் அளவுக்கு மீறிச் சூடானால் உருவாகும் ஃபார்மால்டிஹைட். எல்லாவற்றுக்கும் மேலாக, நிக்கோட்டினுக்கு அடிமையாதல்.

சிகரெட்டோடு ஒப்பிடுவதே புகைப்பவருக்கு மட்டும் பொருந்தும் ஒப்பீடு. புகையைத் தொட்டே பார்க்காத 15 வயதுப் பிள்ளை, வெறும் காற்றைத்தான் இ-சிகரெட்டுக்குப் பண்டமாற்றாகக் கொடுக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இதில் லாபம் என்று எதுவும் கிடையாது. ‘புகைப்பதை நிறுத்த வேப்’ என்று ஊக்குவித்த அதே பிரிட்டன், பதின்வயதினரிடம் பரவிய பிறகு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை 2025 ஜூன் முதல் தடைசெய்திருக்கிறது.

இந்தியா 2019இல் இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடைசெய்தது. தமிழ்நாடு அதற்கு ஓராண்டு முந்திக்கொண்டது. பிள்ளைகளை முன்னிட்டு இந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். ஆனால், எரியும் பொருளைப் பெட்டிக்கடையில் சில்லறையாக விற்க அனுமதித்துவிட்டு, எரியாததை மட்டும் தடுத்ததைப் புகையிலை ஒழிப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் 4 சதவீதத்தினர் சிகரெட்டும் 7.7 சதவீதத்தினர் பீடியும் பிடித்தார்கள். பீடித் தொழிலாளியும் பீடி பிடிக்கும் கூலியாளும் அந்த 12 வல்லுநர்களின் மதிப்பெண் பட்டியலில் இல்லை. அவர்களுக்குத் தேவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிக்கோட்டின் சூயிங்கமும், உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகரும். தடைக்குக் காட்டிய வேகத்தை அரசு இதற்கும் காட்டட்டும். புகையை விட நினைப்பவர் அதுவரை காத்திருக்க வேண்டாம்: சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை இன்றே அழைக்கலாம்.