நல்ல சீட்டு வந்தாச்சு... அப்புறம்?

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரி காண வருவார். மணலூர்பேட்டை வீடுகளில் உறவுக்கூட்டம் நிரம்பி வழியும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஏதாவது ஒரு திண்ணையில் சீட்டுக்கட்டு இறங்கும். அங்கே நிச்சயம் ஒரு மாமா இருப்பார். கைக்கு ஜோக்கர் வந்த மறுநொடி நிமிர்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவுவார். அவ்வளவுதான், சுற்றியிருப்பவர்கள் வரிசையாக ‘ஸ்கூட்’ சொல்லிவிடுவார்கள். பிரமாதமான சீட்டு, ஆனால் கிடைத்தது ஸ்கூட் பாயின்ட் மட்டும்!

நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும் போக்கர் டோர்னமென்ட்டிலும் இதுதான் பெரிய தலைவலி. ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாக வரும். நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் சிப்ஸ் வைத்துப் பந்தயம். சிப்ஸ் தீர்ந்தால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

1988-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் 167 பேர் ஆடினார்கள். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். கடைசியில் மிஞ்சியவர்கள் ஜானி சானும் எரிக் சைடலும். சான் கையில் ஜாக்கியும் ஒன்பதும். நடுவில் விழுந்தவை ராணி, பத்து, எட்டு. எட்டிலிருந்து ராணி வரை வரிசை சேர்ந்துவிட்டது. அந்த நிமிடத்தில் அதைவிடப் பெரிய சீட்டு யாருக்கும் இருக்க முடியாது. சைடல் கையில் ஒரு ராணி. ஜோடி சேர்ந்த தைரியத்தில் அவர் பந்தயத்தை ஏற்றினார். சான் பதிலுக்கு ஏற்றாமல் ஈடுகட்டியதோடு நிறுத்திக்கொண்டார். கடைசிச் சீட்டு வந்ததும் சைடல் மொத்த சிப்ஸையும் தள்ள, ஆட்டம் முடிந்தது. சானுக்கு 7 லட்சம் டாலர்! ‘ரவுண்டர்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் இந்தக் காட்சி வரும்.

படம் பார்த்துவிட்டுப் பலரும் தப்பாகக் கற்றுக்கொள்வது இங்கேதான். நல்ல சீட்டு வந்தால் பதுங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். சான் பதுங்கியது, எதிராளி தானே பந்தயம் கட்டிக்கொண்டு வந்ததால். எதிரே இருப்பவர் தானாகக் கட்டாத ஆள் என்றால் கணக்கே வேறு.

நடுவில் 1,000 சிப்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கட்டத்திலும் நடுவில் இருப்பதில் பாதியைக் கட்டினால் 500, 1,000, 2,000 என்று போகும். எதிராளி ஈடுகட்டிக்கொண்டே வந்தால் அவரிடமிருந்து 3,500 வரும். பதுங்கியிருந்து கடைசியில் மட்டும் பாதியைக் கட்டினால் 500தான்!

எவ்வளவு கட்டுவது? மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகருக்கு இது தெரியும். மாடு எவ்வளவு உசத்தி என்பதைவிட, வாங்க வந்தவர் முனகிக்கொண்டேயாவது எவ்வளவு தருவார் என்பதில்தான் அவர் கண். எதிராளியிடம் 3,000 சிப்ஸ்தான் மிச்சம் என்றால் அதற்குத் தகுந்தபடி படிப்படியாக ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் தள்ளினால் அவர் சீட்டை மடித்துவிடுவார்.

இரண்டு ஏஸ் வந்தால் மட்டும் ஆரம்பத்திலேயே ஏற்றிவிடுவது நல்லது. 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும் சீட்டு அது. எதிரே ஒருவர் என்றால் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 85 சதவிகிதம். நான்கு பேரை உள்ளே விட்டால் அது சுமார் 56-க்கு இறங்கிவிடும்.

நேரடி ஆட்டத்தில் உடம்பும் பேசும். பொய்ப் பந்தயம் கட்டுபவரைவிட நல்ல சீட்டு வந்தவருக்குத்தான் விரல் அதிகம் நடுங்கும் என்பார்கள் அனுபவசாலிகள். அதனால் எந்தச் சீட்டு வந்தாலும் ஒரே வேகத்தில் சிப்ஸை நகர்த்தப் பழகுகிறார்கள். நம் மாமாவுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்!

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் மத்திய அரசின் 2025 ஆகஸ்ட் சட்டம் தடை செய்துவிட்டது. நேரடி டோர்னமென்ட் நடக்கும் கோவா கேசினோக்களுக்குள் 21 வயது ஆகாதவர்கள் நுழைய முடியாது. திண்ணையில் ஆடிப் பார்க்க ஒரு சீட்டுக்கட்டும், ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டையும் போதும்.