போகொட பாலம் "அவங்கட" பாலமா?

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதானாலும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இந்தத் தவணைச் சுற்றுலாவில் போகொட மரப்பாலத்தையும் சேர்ப்போம் என்று நாங்கள் சில ஆசிரியர்கள் கேட்டோம். உடனே வந்த பதில்: "அது பன்சலைக்குப் போற பாலம் சேர், நமக்கு எதுக்கு?" அடுத்தது: "பழைய பலகையப் பார்க்கவா பிள்ளைகள் காசு கட்டுது?"

முதல் பதிலுக்கு வருவோம். கல்லந்த ஓயாவுக்கு மேலே நிற்கும் அந்தப் பாலம் பழைய பதுளை–கண்டிப் பாதையில் உள்ளது. பக்கத்தில் விகாரை இருக்கிறது, உண்மை. ஆனால் பாதை எல்லோருக்கும் உரியது. கண்டி இராச்சியத்தில் தவளம் ஓட்டியவர்கள் யார்? மாட்டு முதுகில் பாக்கை இறக்கி, உப்பும் கருவாடும் புடவையும் மலைக்கு ஏற்றியவர்களில் பெரும்பகுதி சோனகர்கள். அரசனின் போக்குவரத்துப் பகுதியான மடிகேயில் நம் முன்னோர் பணி செய்தார்கள். இன்று "நாம் இந்த நாட்டுக்கு எப்போது வந்தோம்" என்று யாராவது கேட்டால் கொதிக்கிறோம். அந்தக் கேள்விக்கான பதில் இந்தப் பழைய பாதைகளில்தான் கிடக்கிறது. அதைப் பிள்ளைக்குக் காட்டாமல் முகநூலில் கொதித்து என்ன பிரயோசனம்?

இரண்டாவது பதில் எங்களுக்கு இன்னும் கோபம். 400 வருடத்துக்கு மேலான பாலம் அது. ஏறத்தாழ 50 அடி நீளம், 6 அடி அகலம், மேலே 8 அடி உயரத்தில் ஓட்டுக் கூரை. பலா, கும்புக், மில்ல மரங்கள். ஆணி கூட மரத்தாலானது. (சில சுற்றுலாப் பக்கங்கள் "16ஆம் நூற்றாண்டு, தம்பதெனியக் காலம்" என்று ஒரே வரியில் எழுதுகின்றன. தம்பதெனிய 13ஆம் நூற்றாண்டு. எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதைப் பிடிக்கும்.)

பாலத்துக்கு எதற்குக் கூரை? வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்க மட்டுமில்லை. மரம் நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும்போதுதான் உழுத்துப் போகும். பொருத்துகளில் தண்ணீர் தங்கினால் பாலத்தின் கதை முடிந்தது. கூரை அந்தத் தண்ணீரைத் தடுக்கிறது. ஓடு உடைந்தால் மாற்றலாம்; அடியில் தாங்கும் மரத்தை இன்று எங்கே போய்த் தேடுவது? விஞ்ஞானப் பாடம், வரலாற்றுப் பாடம், தச்சன் கணக்கு மூன்றும் ஒரே இடத்தில். இதைவிட என்ன சுற்றுலா வேண்டும்?

"கொங்கிரீட் போட்டால் பிரச்சினை தீரும்" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். தீரும். பாலமும் தீரும்.

சுவிட்சர்லாந்தின் லூசேர்ன் நகரில் 14ஆம் நூற்றாண்டு மரக்கூரைப் பாலம் ஒன்று 1993 ஓகஸ்டில் ஒரே இரவில் பெரும்பகுதி எரிந்தது. அணைக்காத சிகரெட் என்று சந்தேகித்தார்கள். அந்தப் பணக்கார ஊர் அடுத்த வருடமே திரும்பக் கட்டியது. இங்கே அப்படி எரிந்தால் யார் கட்டுவது? ஆகவே அந்தப் பலகையில் நின்று சிகரெட் பற்ற வைப்பவனையும், கைபிடி மரத்தில் பேனாக்கத்தியால் காதலியின் பெயரை வெட்டுபவனையும் எந்தச் சமூகத்தவனானாலும் நாங்கள் மன்னிப்பதாயில்லை.

சிலர் இன்பொக்ஸில் பயத்தைச் சொன்னார்கள். விளங்குகிறது. 2019இல் கிரலாகல தூபியில் ஏறிப் படமெடுத்த தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர் மறியலில் இருந்து, ஆளுக்கு 50,000 ரூபாய் தண்டம் கட்டினார்கள். அதிலிருந்து பல பெற்றோர் எடுத்த முடிவு: பழைய இடங்களின் பக்கமே போகாதே. நாங்கள் எடுப்பது வேறு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருப்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது வகுப்பில் சொன்னார்களா? எதில் ஏறலாம், எதில் ஏறக்கூடாது, விகாரை வளவில் எப்படி உடுத்து எப்படிப் பேசுவது என்று போய்ப் பழகாமல் எப்படித் தெரியும்? வீட்டில் பூட்டி வைத்து மரியாதை பழக்க முடியாது.

பதுளை, ஹாலி-எல பக்கத்துப் பெற்றோரே, பஸ் செலவு பெரிதில்லை. பட்டியல் இன்னும் மூடவில்லை. விருப்பமானவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். ஒரு நேரத்தில் பத்துப் பிள்ளைகள்தான் பாலத்தில் ஏறுவார்கள். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. மார்க்கர் பேனை பையில் இருந்தால் பஸ்ஸிலேயே வாங்கி வைப்போம்.