டிவிஎஸ் 50-ஐ எடைக்குப் போடாதீர்கள்

போன மாதம் திருமங்கலம் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது, மாட்டுக் கொட்டகையில் சாக்குகளுக்குப் பின்னால் சித்தப்பாவின் டிவிஎஸ் 50 கிடந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே நின்றிருக்கிறது. டயர் பொடிப்பொடியாக உதிர்கிறது, சீட்டுக்குள் எலிக்கூடு. சித்தப்பா மகன், "அண்ணே, பழைய இரும்புக்காரர் வாசல்ல நிக்கிறாரு, போட்டுருவமா?" என்றான். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டு மூலையிலும் இப்படி ஒன்று கிடக்கும்.

புல்லட்டைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் என்றால் இளவட்டங்கள் தேடி வருகிறார்கள். மொபெட்டை யார் தேடுகிறார்கள்? ஆனால் நம்ம சீமையில் எத்தனையோ குடும்பங்கள் சைக்கிளிலிருந்து நேராக ஏறியது இதில்தான். 1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த வண்டி. 1980-ல் ஓசூரிலிருந்து வந்தது. இரண்டு பேர் உட்காரும்படி இந்தியாவில் செய்த முதல் மொபெட் இது. 50 சிசி எஞ்சின், கியர் கிடையாது, பெட்ரோல் தீர்ந்தால் பெடலை மிதித்து வீடு சேரலாம். இரண்டு பேர் என்பது கம்பெனிக் கணக்கு. நம்ம ஊர்க் கணக்கில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் வீட்டுக்காரம்மா, அவர் மடியில் இன்னொன்று. விடிகாலையில் அதே வண்டியில் பால் கேனும் மல்லிகை மூட்டையும் மதுரைக்கு வரும். சாதாரண ஜனங்களின் வண்டி என்பதாலேயே அதைப் பத்திரப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை.

வண்டி கிடைத்த சந்தோஷத்தில் உடனே பெடலை மிதித்துவிடாதீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றி, துளை வழியாக நாலைந்து சொட்டு டூ-டி ஆயில் விட்டு ஒரு நாள் ஊறட்டும். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பழைய பெட்ரோல் பிசின்போல இறுகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும். டேங்குக்குள் துரு இருக்கும். பாயிண்டை நைஸ் எமரித் தாளால் லேசாகத் தேய்த்தாலே பல வண்டிகளில் ஸ்பார்க் வந்துவிடும். ரப்பர் டியூபையும் ஆயில் சீலையும் மாற்றித்தான் ஆக வேண்டும். இன்றைய பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பரை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கை வடித்து வைப்பது நல்லது.

புகை கக்கும் டூ ஸ்ட்ரோக்கை ஏன் உயிர்ப்பிக்க வேண்டும் என்று என் மருமகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். தினமும் கடைக்குப் போக இதை எடுக்கச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை தெருக்கோடி வரை போய் வந்தால் போதும்.

எனக்கு மனக்குறை சட்டத்தின் மீதுதான். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டினால்தான் 'விண்டேஜ்'. அப்படிப் பார்த்தால் முதல் டிவிஎஸ் 50-க்கே 2030 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எத்தனை வண்டி எடைக்குப் போகுமோ! கட்டணமோ 20,000 ரூபாய். மகாராஜாவின் காருக்கும் பால்காரரின் மொபெட்டுக்கும் ஒரே கட்டணம் என்பது என்ன நியாயம்? 50 சிசி வண்டிகளுக்கு வயது வரம்பை 40 ஆக்கி, கட்டணத்தையும் ஆயிரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி.

அந்த விதியில் நமக்குச் சாதகமானதும் உண்டு. ஏற்கனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். டிஎன் 58, டிஎன் 59 எல்லாம் வருவதற்கு முந்தைய அந்தக் காலத்து எண்! ஆனால் பழைய ஆர்.சி. வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் கை வைத்து உருமாற்றியிருக்கவும் கூடாது. ஆகவே 'சூப்பரா மாத்தித் தாரேன் சார்' என்று வரும் பட்டறைக்காரரை அனுப்பிவிட்டு, டிரங்குப் பெட்டியில் ஆர்.சி. புக்கைத் தேடுங்கள். உரிமையாளர் உயிரோடு இருந்தால், இப்போதே ஒரு நாமினி பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கும் 2021 முதல் வழி இருக்கிறது. காலமாகியிருந்தால் வாரிசுகள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். வாரிசுகள் நாலு ஊரில் இருந்தால் கையெழுத்து வாங்குவதற்குள், எஞ்சினை ஓடவைப்பதே சுலபம் என்றாகிவிடும்.