சம்ப்புக்கு மோட்டார் வாங்கப் போறீங்களா? முதல்ல உயரத்தை அளந்துட்டுப் போங்க!

"ஏனுங்க, வீட்டு சம்ப்புக்கு ஒரு மோட்டார் வேணுங்க."

"எத்தனை மாடிங்க?"

"கீழ ஒண்ணு, மேல ஒண்ணுங்க."

"அப்ப ஒரு ஹெச்.பி. போட்டுக்கோங்க. சரியா இருக்கும்."

கோவை நஞ்சப்பா சாலையிலிருந்து பொள்ளாச்சி, ஈரோடு வரை பல கடைகளில் மோட்டார் வியாபாரம் இந்த நாலு வரியிலேயே முடிந்துவிடுகிறது. டைல்ஸ் தேர்ந்தெடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட, பத்து வருடம் ஓட வேண்டிய மோட்டாரை ஐந்து நிமிடத்தில் வாங்கி வந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் மோட்டார் தயாரிப்புக்கே பேர்போன ஊர் இது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு, ஆழக் கிணறுகளில் கவலை இறைத்த கொங்கு விவசாயிகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுகிறது. சிறுவாணி, பில்லூர் தண்ணீர் தினமும் வராத பகுதிகளில் குடும்பம் நடப்பதே சம்ப்பையும் மோட்டாரையும் நம்பித்தான். அதனால் கடைக்குப் போகும் முன் கொஞ்சம் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

ஹெச்.பி. அல்ல, 'ஹெட்'

சம்ப்பின் அடியிலிருந்து மாடித் தொட்டியின் வாய் வரை உள்ள உயரம்தான் 'ஹெட்'. சம்ப் ஆழம் 7 அடி, இரண்டு தளம் 22 அடி, மாடிப்படி அறை 9 அடி, அதற்கு மேல் தொட்டி 4 அடி. மொத்தம் 42 அடி, அதாவது சுமார் 13 மீட்டர். குழாயின் வளைவு, எல்போ, வால்வு எல்லாம் தண்ணீரைத் தடுக்கும் என்பதால் இன்னும் 2 மீட்டர் சேர்த்து 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எவ்வளவு நேரத்தில் தொட்டி நிறைய வேண்டும் என்பது. 1,000 லிட்டர் தொட்டி அரை மணி நேரத்தில் நிறைய வேண்டுமானால் மணிக்கு 2,000 லிட்டர் தேவை. கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "15 மீட்டர் ஹெட்டுல மணிக்கு 2,000 லிட்டர் தர்ற மோட்டார் எதுங்க?" பெரும்பாலும் அரை ஹெச்.பி.யே இந்த வேலைக்குப் போதும்.

பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றலாம். அதிக உயரத்துக்கென்று செய்த சென்ட்ரிஃபியூகல் மோட்டாரைக் குறைந்த உயரத்தில் ஓட்டினால், அது அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளி, அதிகக் கரன்ட் இழுத்துச் சூடாகும். காயில் கருகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெயர்ப் பலகையைப் படியுங்கள்

மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டில் 'அதிகபட்ச ஹெட் 30 மீட்டர்' என்று இருந்தால் மயங்க வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் வெளியே வராது; அது மோட்டாரின் கடைசி எல்லை. நம் உயரத்தில் எத்தனை லிட்டர் வரும் என்பதை, கூடவே தரும் அட்டவணையில் பார்க்க வேண்டும். நம் 15 மீட்டர், அந்த மோட்டாரின் ஹெட் வரம்புக்கு நடுவில் விழுந்தால் நல்லது.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஏரியா என்றால், எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பதையும் பாருங்கள். செம்புக் காயிலா என்று கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால், முத்திரை உண்மையானதா என்று தெரிந்துவிடும்.

வெளியிலா, தண்ணிக்குள்ளேயா?

சம்ப்புக்கு வெளியே வைக்கும் மோனோபிளாக்கை ரிப்பேர் செய்வது சுலபம். ஆனால் ஃபுட் வால்வு கசிந்தால் காற்று புகுந்து தண்ணீர் ஏறாது. மணல் கலந்த தண்ணீர் என்றால், செல்ஃப் பிரைமிங் வகையின் உள்பாகம் சீக்கிரம் தேய்ந்துவிடும். தண்ணீருக்குள் இருக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்குப் பிரைமிங் தொல்லை இல்லை, சத்தமும் இல்லை. அதை நைலான் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். ஒயரைப் பிடித்துத் தூக்கவே கூடாது. எந்த வகையானாலும், சம்ப்பில் தண்ணீர் தீர்ந்ததும் தானாக நிற்கும் ஃப்ளோட் சுவிட்ச் அவசியம். ஒரு அங்குல வாய் உள்ள மோட்டாருக்கு முக்கால் அங்குலக் குழாய் போட்டுக் காசு மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். கரன்ட் பில்லில் அது திரும்பி வரும்.

கீழ்த்தளத்தில் கார் நிறுத்துகிறீர்களா?

சாலை மட்டத்துக்குக் கீழே பார்க்கிங் உள்ள வீடுகளுக்கும் அபார்ட்மென்ட்டுகளுக்கும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு கவலை. அங்கே தேங்குவது சேறும் இலையும் கலந்த தண்ணீர். நல்ல தண்ணீர் மோட்டார் அதில் அடைத்துக்கொள்ளும். தாழ்வான மூலையில் குழி வெட்டி, கசடோடு இறைக்கும் டிரெய்னேஜ் சப்மெர்சிபிளை ஃப்ளோட் சுவிட்சோடு இறக்க வேண்டும். வெளியேற்றிய தண்ணீர் திரும்பி வராமல் இருக்க நான் ரிட்டர்ன் வால்வு வேண்டும். பெருமழை நேரத்தில்தான் கரன்ட்டும் போகும் என்பதால், ஜெனரேட்டரோ தாங்கக்கூடிய இன்வெர்ட்டரோ இல்லாத மோட்டார் உதவாது. புரட்டாசியிலேயே குழியில் நான்கு பக்கெட் தண்ணீர் ஊற்றி, மோட்டார் தானாக ஓடுகிறதா என்று சோதித்துவிடுங்கள்.

உயிர் விஷயம்

விலையைவிட முக்கியமானது இது. மோட்டார் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். கரன்ட் கசிந்தால் நொடிக்குள் இணைப்பைத் துண்டிப்பது அதுதான். எர்த் ஒயரை வெட்டிவிட்டு இரண்டு பின்னில் சொருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பார்க்கிங்கில் தண்ணீர் நின்றால், மெயினை அணைக்காமல் யாரும் கால் வைக்கக் கூடாது.

சம்ப்பைக் கழுவ இறங்கும்போது சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, எம்.சி.பி.யையும் இறக்க வேண்டும். நாள்கணக்கில் மூடிக்கிடந்த சம்ப்பிலும், புதிதாகக் கட்டி சென்ட்ரிங் பலகை பிரிக்காத சம்ப்பிலும் பிராணவாயு குறைந்திருக்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் உள்ளேயே இறந்துபோகும் செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விடாமல், மேலே ஆள் நிற்காமல், இடுப்பில் கயிறு கட்டாமல் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கினால் பின்னாலேயே குதிக்காமல் 112-க்கு அழையுங்கள். குழந்தைகள் விளையாடும் வீட்டில் சம்ப் மூடிக்குப் பூட்டும் வேண்டும்.

கடைக்குக் கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டில் உயரம், தொட்டியின் கொள்ளளவு, குழாயின் அளவு, ஏரியா வோல்டேஜ் இந்த நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். மோட்டார் பில்லோடு ஆர்.சி.சி.பி. பில்லும் சேர்ந்து வீட்டுக்கு வரட்டும்.