உலக உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் வகுப்பில் பிடித்து வைப்பேனே, அப்படி நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று அக்டோபர் 14. 2017-ல் இதே நாளில் என்ன நடந்தது என்று காலையில் நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சரி, 2015 நவம்பரில் பாரீஸில் என்ன நடந்தது என்று கேட்டேன். பதில்கள் வந்து குவிந்துவிட்டன. கச்சேரி அரங்கம், உணவகங்கள், விளையாட்டு மைதானம், 130 பேர் பலி. ஒருவர் தேதியைக்கூடச் சரியாகச் சொன்னார்.

முதல் கேள்விக்கு விடை இதுதான். சோமாலியாவின் தலைநகரம் மொகதீசு. அங்கே ஆள் நடமாட்டம் மிகுந்த நாற்சந்தியில் ஒரு லாரி குண்டு வெடித்தது. இறந்தவர்கள் 587 பேர் என்று பின்னர் அமைக்கப்பட்ட குழு கணக்குச் சொன்னது. பாரீஸைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மகளின் பட்டமளிப்பு விழாவைப் பார்க்க விமானம் ஏறி வந்த ஒரு தகப்பனார், அந்த மருத்துவ மாணவியின் அடக்கத்தில் நின்றார்.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. பாரீஸ் தாக்குதலின்போது முகநூல் கொடுத்த பிரான்ஸ் கொடியை என் படத்தின் மேல் நானும் போட்டுக்கொண்டேன். அதற்கு முந்தின நாள்தான் லெபனானின் பெய்ரூட்டில் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 40 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அவர்களுக்குக் கொடியும் இல்லை, ‘நான் பத்திரமாக இருக்கிறேன்’ என்று சொல்லும் வசதியும் இல்லை. அது எனக்கு அன்று உறைக்கவே இல்லை. மொகதீசு செய்தி வந்த நாளிலோ, உள்பக்கத்தில் இருந்த சில வரிகளைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிட்டேன்.

ஏன் இப்படி என்று கேட்டால் மூன்று சமாதானம் சொல்கிறார்கள்.

முதலாவது, ‘பக்கத்தில் நடப்பதுதானே சார் பெரிய செய்தி?’ வீட்டில் உலக உருண்டை இருந்தால் எடுத்து வாருங்கள். சென்னையில் ஒரு நூலை வைத்துப் பாரீஸ் வரை இழுங்கள். சுமார் 8,000 கிலோமீட்டர். இப்போது மொகதீசு வரை இழுங்கள். சுமார் 4,000. பாதித் தூரம். இடையில் இருப்பது நம் கடல்தான்.

இரண்டாவது, ‘அங்கெல்லாம் தினமும் நடக்கிறதுதானே?’ சோமாலியாவிலேயே அப்படி ஒரு குண்டுவெடிப்பு அதற்கு முன் நடந்ததில்லை. அது போகட்டும். ஒரு வீட்டில் ஏற்கெனவே இரண்டு சாவு விழுந்திருக்கிறது என்பதற்காக மூன்றாவது சாவுக்குத் துக்கம் விசாரிக்கப் போகாமல் இருப்போமா?

மூன்றாவது, ‘அங்கே செய்தியாளர்கள் இல்லையே.’ இருந்தார்கள். அந்த வெடிப்பில் உள்ளூர் செய்திப் படப்பிடிப்பாளர் ஒருவரும் உயிரிழந்தார். உலகச் செய்திகளைத் தரும் பெரிய நிறுவனங்களில் ராயிட்டர்ஸ் லண்டனில், ஏ.எஃப்.பி. பாரீஸில், ஏ.பி. நியூயார்க்கில் இருக்கின்றன. அந்த ஊர்களின் கண்ணால் உலகத்தைப் பார்ப்பது அவர்களுக்கு இயல்பாக இருக்கலாம். ஆனால் மொகதீசு செய்தியையும் அவர்கள் அனுப்பத்தான் செய்தார்கள். எந்தப் பக்கத்தில், எத்தனை வரி என்று முடிவு செய்தது நம் ஊரில் உட்கார்ந்திருப்பவர்கள்.

பாரீஸுக்காக அழுதது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாரீஸே மொகதீசுவுக்காக ஈஃபில் கோபுரத்தின் விளக்குகளை அணைத்தது. நாம் எதை அணைத்தோம்?

இதில் வெறும் இரக்கப் பிரச்சினை மட்டும் இருந்தால் இவ்வளவு எழுதமாட்டேன். எதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்களோ அதுதான் உலகம் என்று மனது பதிய வைத்துக்கொள்கிறது. குண்டு வைப்பவன் என்றால் ஒரு முகம், சாகிறவர் என்றால் வேறொரு முகம் என்று நாமே பிரித்துக்கொள்கிறோம். 2016 ஜூலையில் பாக்தாத்தின் கராதா கடைத்தெருவில் ரம்ஜானுக்குத் துணிமணி வாங்க வந்த கூட்டத்தில் குண்டு வெடித்து 300 பேருக்கு மேல் இறந்தார்கள். பாக்தாத், பெய்ரூட், மொகதீசு மூன்றிலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இது தெரிந்திருந்தால், நம் உறவுக்குழுவில் சுற்றும் சில ‘பார்வர்டு’களை அனுப்ப உங்கள் விரல் கூசியிருக்கும். எந்த உறவினர் என்று பெயர் சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும்.

இனி வீட்டுப்பாடம். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி நான்கு வரியில் வந்தால், அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடுங்கள். நீங்கள் வாங்கும் பத்திரிகைக்கு, ஏன் நான்கே வரி என்று கேட்டு ஆசிரியர் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். காசு கொடுத்து வாங்குகிறோம், கேட்க உரிமை உண்டு. உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் நாளை வகுப்பில் மொகதீசுவை ஒரு பிள்ளையை விட்டுத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் நடத்தினேன். சோமாலியா என்றால் ‘ஆப்பிரிக்காவின் கொம்பு’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கொடுக்காமல் விட்டது என் தவறு. அதைத்தான் இன்று திருத்துகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய சமூக அறிவியல் ஆசிரியர்