கோட்டுக்கு வெளியே

டிசம்பர் கடைசியில் ஆரம்பிக்கும் கொடைக்கானலின் உறைபனி. காலை ஆறு மணிக்கு ஏரியை ஒட்டிய புல்தரையும் ஜிம்கானா பக்கமும் கோலமாவு கொட்டினாற்போல் வெளுத்திருக்கும். ராத்திரி வெளியே நிறுத்திய கார்களின் கூரையிலும் அதே வெள்ளை. மதுரையிலிருந்து வந்தவர்கள் அதைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சுவிட்சர்லாந்தையே பார்த்துவிட்ட மாதிரி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: ‘‘இவ்ளோ குளிருதே, ஏரி மேல ஐஸ் ஹாக்கி ஆடினா என்ன?’’

ஆடலாம். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்.

ஏரி மேல் ஆள் சறுக்க வேண்டுமென்றால் குறைந்தது நாலு அங்குலத்துக்குக் கெட்டி ஐஸ் வேண்டும். நம்முடையது ஒன்பது மணி வெயிலுக்குத் தாங்காத ஐஸ். 1863-ல் லெவிஞ்ச் என்கிற மதுரை கலெக்டர் உண்டாக்கிய ஏரி இது. சுற்றிவர ஐந்து கிலோ மீட்டர். சைக்கிளில் சுற்றலாம், குதிரையில் சுற்றலாம், நடுவில் படகு விடலாம். சறுக்க மட்டும் முடியாது. கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம்தான். லடாக்கின் லே நகரம் பதினோராயிரத்து ஐந்நூறு அடி. அங்கே ஜனவரியில் கர்சூ குளம் பாறை மாதிரி உறைந்துவிடும். பையன்களும் பெண்களும் மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நம் பெண்கள் அணி 2025-ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. எங்கே போய்? ஐக்கிய அரபு எமிரேட்ஸில், அல் அய்ன் என்ற பாலைவன ஊரில். உலகம் மாறிவிட்டது சார்.

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. 170 கிராம் எடையுள்ள ஒரு ரப்பர் வட்டு. துள்ளாமல் இருக்க மேட்சுக்கு முன்னால் அதை ஃப்ரீஸரில் வைத்து விறைக்க வைப்பார்கள். கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு பக்கம் ஆறு பேர். முழு வேகத்தில் முக்கால் நிமிஷம் சறுக்கினால் நாக்கு தள்ளிவிடும். உடனே வெளியே வர வேண்டும், அடுத்த ஆள் உள்ளே குதிக்க வேண்டும். ஆட்டம் நிற்காது. யார் எப்போது குதிப்பது என்று முடிவு செய்கிறவர் பெஞ்சுக்குப் பின்னால் கோட்டு, டை கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர்தான் கோச். உள்ளே இருப்பவர்கள் வியர்வையில் நனைந்திருக்க, இவர் ஒருத்தருக்கு மட்டும் குளிரும்.

இந்தக் கோட்டு போட்ட மனிதரைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஐஸ் ஹாக்கியின் பிராட்மன் என்று ஒருவரைச் சொல்லலாமென்றால் கனடாவின் வேய்ன் கிரெட்ஸ்கி. 1979 முதல் 1999 வரை என்.எச்.எல். என்ற பெரிய லீகில் ஆடினார். 894 கோல். 2025-ல் ரஷ்யாவின் ஓவெச்கின் தாண்டும் வரை அந்தக் கணக்கை யாரும் தொடவில்லை. எட்மன்டன் அணிக்கு நாலு தடவை ஸ்டான்லி கோப்பை வாங்கிக் கொடுத்தார். அவர் போட்டிருந்த 99-ம் நம்பர் சட்டையை அந்த லீகில் இனி எந்த அணியிலும் யாரும் போடக் கூடாது என்று பூட்டியே வைத்துவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவர் 2005-ல் ஃபீனிக்ஸ் அணிக்குக் கோச் ஆனார். நாலு சீசன். ஒரு தடவைகூட அந்த அணி நாக் அவுட் சுற்றை எட்டிப் பார்க்கவில்லை. ஜெயித்தது 143, தோற்றது அதைவிட அதிகம்.

இன்னொருவர் ஸ்காட்டி பவ்மன். இளைஞர் அணியில் ஆடும்போது தலையில் அடிபட்டு ஆட்டம் முடிந்துபோனவர். என்.எச்.எல்.லில் ஒரு மேட்ச்கூட ஆடினதில்லை. கோச்சாக ஒன்பது ஸ்டான்லி கோப்பை!

இது எப்படி?

உங்கள் அம்மாவிடம் சாம்பாருக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டுப் பாருங்கள். ‘‘ஒரு கை போடுடா’’ என்பார். யார் கை? எவ்வளவு பெரிய கை? அதெல்லாம் அவருக்கே தெரியாது. போட்டால் சரியாக இருக்கும், அவ்வளவுதான். கைப்பக்குவம் உள்ளவர்களுக்குச் சொல்லித்தர வராது. நாலு தடவை உப்பு அதிகமாகிப் பாத்திரத்தைக் கொட்டியவர்தான் ‘ஒன்றரை ஸ்பூன்’ என்று அளந்து சொல்வார்.

இதே வியாதி ஆபீஸ்களிலும் உண்டு. போன மாதம் கொடைக்கானலில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். வேலையில் புலி என்று பெயர் வாங்கியவர். அதற்காகவே அவரை இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள். முகத்தில் களையே இல்லை.

‘‘எனக்குக் கீழ ஆறு பேரு சார். நான் அரை மணியில போடற ஸ்டேட்மென்ட்டை அவங்க அரை நாள் போடறாங்க.’’

‘‘நீங்க என்ன செய்யறீங்க?’’

‘‘பாத்துட்டு இருக்க முடியல சார். வாங்கி நானே போட்டுடறேன்.’’

‘‘அப்ப அவங்க?’’

‘‘டீ குடிக்கப் போயிடறாங்க.’’

‘‘வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போறீங்க?’’

‘‘ஒம்போது. அவங்க அஞ்சரைக்கே போயிடறாங்க சார். பேசாம பிரமோஷனைத் திருப்பிக் குடுத்துடலாம்னு பாக்கறேன்.’’

சிரிக்கத் தோன்றியது. சிரிக்கவில்லை. அவருக்கு அது நிஜமான கஷ்டம். நேற்றுவரை அவர் பெயருக்கு எதிரே இருந்த கோல்களெல்லாம் அவரே அடித்தவை. இன்றைக்கு அவர் கணக்கை எழுதுவது இன்னும் ஆறு பேரின் கை.

இந்தக் கஷ்டத்தின் முழு அளவையும் பார்த்தவர் ஒருவர் நம் ஊரிலேயே இருக்கிறார். ஐஸ் இல்லாத ஹாக்கி. சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன்.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில்தான் முதல் தடவையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி நடந்தது. புல்லில் ஆடிப் பழகிய இந்தியா ஏழாவதாக வந்தது. அந்த அணியில் பாஸ்கரன் இருந்தார். நாலு வருஷம் கழித்து 1980 மாஸ்கோவில் அவரே கேப்டன். பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி, ஹாலந்து எல்லாம் வரவில்லை. மொத்தமே ஆறு அணிகள். அதைச் சொல்லி இன்றும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. வராதவர்களை ஜெயிக்க முடியாது. வந்தவர்களை ஜெயிக்கலாம். தான்சானியாவை 18-0. போலந்துடன் 2-2. ஃபைனலில் ஸ்பெயினை 4-3. தங்கம்! ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவின் எட்டாவது தங்கம். ஒன்பதாவது இன்னும் வரவில்லை.

இருபது வருஷம் கழித்து, 2000 சிட்னி. பாஸ்கரன் இப்போது கோச். தன்ராஜ் பிள்ளை இருக்கும் அணி. அர்ஜென்டினாவை 3-0, ஸ்பெயினை 3-2 என்று ஜெயித்து, சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை 2-2 என்று நிறுத்தி வைத்தாயிற்று. கடைசி லீக் மேட்ச் மறுபடி அதே போலந்து. ஜெயித்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னால் இருக்கிறோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை. போலந்து ஒரு கோல் போட்டது. 1-1. முடிந்தது கதை. அரையிறுதிக்குப் போன தென்கொரியா வெள்ளியோடு ஊர் திரும்பியது. நமக்கு ஏழாவது இடம். மறுபடி ஏழு!

கவனியுங்கள். மாஸ்கோவில் கோட்டுக்கு உள்ளே இருந்தவர், இடுக்கண் வந்தால் தானே ஓடிப்போய்ப் பந்தைத் தடுக்கலாம். சிட்னியில் அதே கால், அதே கண், அதே மூளை, ஆனால் கோட்டுக்கு வெளியே. அந்த இரண்டு நிமிஷத்தில் உடம்பு பூராவும் உள்ளே ஓடியிருக்கும், செருப்பு மட்டும் நகர்ந்திருக்காது.

2006-ல் மறுபடி கூப்பிட்டார்கள். ஜெர்மனியில் உலகக் கோப்பை. பன்னிரண்டு அணிகளில் இந்தியா பதினொன்றாவது. மாஸ்கோ தங்கத்தையும் இந்தப் பதினொன்றையும் ஒரே மனிதரின் பெயருக்கு நேரே எழுதிப் பார்த்தால் விநோதமாக இருக்கும். ஆள் மாறவில்லை. நின்ற இடம் மாறிவிட்டது.

தோற்றால்தானே வம்பு, ஜெயித்தால்? அதுவும் உத்தரவாதம் இல்லை. மாஸ்கோ அணியில் பாஸ்கரனோடு ஆடிய எம்.கே.கௌஷிக் 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் கோச். 32 வருஷத்துக்கு அப்புறம் இந்தியாவுக்குத் தங்கம். ஊர் திரும்பிக் கொஞ்ச நாளிலேயே பதவி போய்விட்டது. கிரிக்கெட் கோச்சாவது டி.வி.யில் விமர்சனம் பண்ணப் போகலாம். ஹாக்கி கோச் எங்கே போவார்?

அப்புறம் ஏன் இந்த வேலைக்கு ஆள் வருகிறார்கள்? கொடைக்கானல் ஏரிக்கரையில் இதற்கு ஒரு பதில் கிடைக்கிறது. அங்கே குதிரைக்காரர்களைப் பாருங்கள். குதிரை மேல் உட்கார்ந்திருப்பது ஏதோ ஊர்க் குழந்தை. கடிவாளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாகப் போகிறவர் அவர். போட்டோ எடுக்கும்போது அப்பா சொல்வார், ‘‘அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க.’’ அவரும் சிரித்துக்கொண்டே தள்ளிக்கொள்வார். குழந்தை பயப்படாமல் ஒரு சுற்று வந்ததுதான் அவருக்குக் கணக்கு. அவரே ஏறி உட்கார்ந்து ஓட்டினால் இன்னும் வேகமாகச் சுற்றலாம். யார் காசு கொடுப்பார்கள்?

அண்மையில் இதை நம் மண்ணிலேயே ஒருவர் செய்து காட்டினார். கேரளத்து கோல்கீப்பர் பி.ஆர்.ஸ்ரீஜேஷ். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வெண்கல மேட்ச் ஞாபகமிருக்கும். 5-4 என்று முன்னால் இருக்கிறோம். கடைசி சில விநாடிகள் இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார். மாஸ்கோவுக்கு அப்புறம் 41 வருஷம் கழித்து ஒரு மெடல். 2024 பாரீஸில் இன்னொரு வெண்கலத்தோடு ஓய்வு பெற்று, ஜூனியர் அணிக்குக் கோச் ஆனார்.

2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. கொடைக்கானலில் பஸ் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் உலகக் கோப்பை! ஸ்ரீஜேஷின் பையன்கள் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 5-1 என்று உதை வாங்கினார்கள். டிசம்பர் 10 அன்று சென்னையில் வெண்கலத்துக்கான மேட்ச், அர்ஜென்டினாவோடு. நாலு பகுதியில் மூன்று முடிந்தபோது 0-2.

அங்கே இரண்டு நிமிஷம் இடைவேளை. சிட்னியில் பாஸ்கரன் கையிலிருந்து நழுவியதும் ஏறக்குறைய அதே இரண்டு நிமிஷம்தான். டோக்கியோவில் ஸ்ரீஜேஷ் கையில் மட்டையும் காலில் பேடும் இருந்தன. இங்கே வாய் மட்டும்தான். பேசிவிட்டுக் கோட்டுக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டியதுதான். கடைசிப் பதினைந்து நிமிஷத்தில் பையன்கள் நாலு கோல் போட்டார்கள். 4-2. வெண்கலம்.

ஸ்கோர் ஷீட்டில் நாலு கோலுக்கும் பையன்களின் பெயர். கோச் பெயருக்கு எதிரே பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பவர்தான் கோச். கிரெட்ஸ்கிக்கு 894 இருந்ததால் அது கஷ்டமாக இருந்திருக்கலாம். பவ்மனுக்குப் பூஜ்யம் ஏற்கனவே பழக்கம்.

ஆகவே, ஆபீஸில் புலியாக இருந்து இன்சார்ஜ் ஆகப் போகும் இளைஞர்களே, ஆர்டர் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்காதீர்கள். முதல் மூன்று மாதம் அடுத்தவன் தப்பாகப் போடும் கணக்கைப் பார்த்துக் கை பரபரக்கும். பிடுங்காதீர்கள். எங்கே தப்பு என்று காட்டிவிட்டு, இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நில்லுங்கள்.

கொடைக்கானலில் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை.